அவலாஞ்சிக் கரையும் கட்டுமரமும்

குன்னூரிலோ ஊட்டியிலோ தூண்டில் போட்டுப் பழகிய ஒருவர், கயாக் ஒன்றை வாங்கிக்கொண்டு கடலில் மீன்பிடிக்க மலையிறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பையில் என்ன இருக்கும்? ஸ்வெட்டர், பிளாஸ்க் நிறைய டீ, ஒரு பொட்டலம் வர்க்கி, மழைக்கோட்டு, முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ். மலையில் இவை ஒவ்வொன்றும் அனுபவம் சொல்லிக்கொடுத்தவை. கடலில் இவற்றில் பாதி வீண் சுமை. பூட்ஸோ ஆபத்து: கவிழ்ந்தால் அதற்குள் தண்ணீர் நிறைந்துகொள்ளும், நீந்தவும் விடாது, படகில் ஏறவும் விடாது.

அப்படியானால் கடலுக்கு எதைக் கொண்டுபோவது? விற்பனைப் பட்டியல்களைப் புரட்டுவதைவிட, நம் கரையிலேயே இருக்கும் கட்டுமரத்தைப் பார்ப்பது நல்லது. கடலில் மீன்பிடிக்க இன்று அதிகம் பயன்படும் கயாக்கில் ஆள் உள்ளே நுழைந்து உட்காருவதில்லை, மேலே உட்காருகிறார். ஏறிவரும் அலை அதன் தளத்திலுள்ள துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். கட்டுமரமும் இதே வகைதான். மரங்களைக் கயிற்றால் பிணைத்திருப்பதால் இடுக்குகளில் நீர் புகும், வெளியேறும். தேங்குவதற்குப் பள்ளமே இல்லை. இரண்டிலும் ஆள் நனைவது உறுதி என்பதை ஒப்புக்கொண்ட பிறகே மற்ற வசதிகளைப் பற்றி யோசிக்க முடியும்.

மலைத் தூண்டில்காரர் யோசிப்பது நேர்மாறாக. நனையாமலிருப்பதே அவருக்கு முதல் வசதி. நீலகிரி நீர்நிலைகளில் அவர் தேடும் ட்ரவுட் குளிர்ந்த நீரின் மீன். ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழுள்ள நீர்தான் அதற்கு ஒத்துவரும். 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதை இங்கே கொண்டுவர எடுத்த முயற்சி பலிக்கவில்லை. மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சனின் உழைப்பால் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே ட்ரவுட் இம்மலையில் நிலைத்தது. மீனுக்கு இதமான அந்தக் குளிர் மனிதனுக்கு ஆகாது. சனவரி விடியலில் உறைபனி விழும் புல்லில் நின்று தூண்டில் வீசும்போது, நனைந்த காலுறை ஒன்றே போதும், அன்றைய பொழுதைக் கெடுக்க. மழையோ சொல்லவே வேண்டாம்: 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் பெய்தது 82 சென்டிமீட்டர். ஆகவே மலைக்காரரின் வசதிகள் எல்லாம் உடம்பின் மேல் ஏறுபவை. அடுக்கடுக்காக உடை, காதை மூடும் குல்லாய், ஈரக்காட்டின் அட்டைகளுக்காகக் கொஞ்சம் உப்பு, மாற்றிக்கொள்ள உலர்ந்த துணி. மீதி எதுவானாலும் கரையில் வைத்துவிடலாம். பை பத்தடி தள்ளிக் கிடந்தாலும் நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம்.

கடலில் அந்தப் பத்தடி கிடையாது. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். கை எட்டாத இடத்திலிருக்கும் பொருள் அங்கே இல்லாத பொருள். கட்டுமரத்தில் பார்த்தால், தண்ணீர் கேன், மீன் போடும் ஓலைப் பறி, தூண்டில் கயிறு, கத்தி எல்லாம் மரத்தோடு கட்டப்பட்டிருக்கும்; கட்டிய இடமும் நாளுக்கு நாள் மாறாது. இருட்டில் புறப்படுகிறவர் கண்ணால் தேடாமல் கையால் எடுக்க இந்த ஒழுங்குதான் உதவுகிறது. புதிதாகக் கயாக் ஏறுகிறவர்கள் பொருள்களை வாங்குவதில் காட்டும் அக்கறையில் கால்பங்கைக் கட்டுவதில் காட்டினால், கடலடியில் இத்தனை இடுக்கிகளும் கைப்பேசிகளும் கிடக்காது.

உலர்ந்த இடம் வேண்டும் என்ற தேவை கடலோடிக்கும் உண்டு. ஆனால் தனக்காக அல்ல, பொருளுக்காக. துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், அலை கொந்தளிக்கும் நாட்களில் பெரிய படகுகள் கரையை விட்டு நகர முடியாது. அப்போது தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதங்களைக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. நீர் புகாத தொப்பிக்குள் கடிதத்தை வைத்து, அலையில் புரண்டு எழுந்து, நனையாமல் சேர்த்தார்கள். இன்று கயாக்காரர்கள் கைப்பேசிக்கும் சாவிக்கும் வாங்கும் நீர்புகாப் பைக்கு நம் கரையில் இப்படி ஒரு முன்னோடி உண்டு. எல்லாவற்றையும் காக்க முயலாமல் ஒன்றை மட்டும் முழுதாகக் காப்பது என்ற அந்த முறையை இன்றும் பின்பற்றலாம்.

இருக்கையில் மட்டும் கயாக்குக்கே முதலிடம். கட்டுமரத்தில் மண்டியிட்டோ குந்தியோ துடுப்புப் போட வேண்டும். பழகாத முழங்கால் தாங்காது. முதுகு சாயும் கயாக் இருக்கையை ஆடம்பரம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். மலையில் தாகம் தெரியாது. கிடைத்ததைக் குடித்துவிட்டு, வேண்டும்போது ஒதுங்கிக்கொள்ளலாம். கயாக்கில் ஒதுங்க இடமில்லை என்பதால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். இது பெரும் தவறு. மேலே வெயில், கீழே நீரில் பட்டுத் திரும்பும் வெயில், உதட்டில் உப்பு. தலைசுற்றல் வந்தபின் கரை வெகுதூரம். அகன்ற வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலைச் சிறுநீருக்கென்றே வைத்துக்கொண்டு, தண்ணீரைத் தாராளமாகக் குடிப்பதுதான் சரி. பெண்களுக்கு இது இன்னும் கடினம். அதற்கென வரும் புனல்களைக் கரையிலேயே பழகிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். உணவு விஷயத்தில், காற்றின் ஈரத்தில் நமத்துப்போகும் வர்க்கியைவிட, தாகத்தையும் சேர்த்துத் தணிக்கும் நீராகாரத்தை நம்பிய கடலோடிகள் தெளிவானவர்கள். கழுத்தின் பின்புறத்தையும் மூடும் தொப்பி, நீண்ட கை வைத்த மெல்லிய பருத்திச் சட்டை, தூண்டில் நரம்பு அறுக்காதபடி விரலுக்கு ரப்பர் உறை: வெயிலுக்கும் உப்புக்கும் இவை போதும்.

மலையிலிருந்து கடலுக்குக் கொண்டுபோக எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது. தவறி விழுந்தால் குளிர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், உடம்போடு இருப்பதுதான் கடைசிவரை வரும் என்று மலை நீர் கற்றுத்தருகிறது. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மரம்தான். பழகியவர் மறுபடி ஏறிக்கொள்வார். வெற்றுக்கூடான கயாக்கோ லேசானது, காற்றடித்தால் ஆளை விட்டு விலகிப் போய்விடும். அப்போது கட்டிவைத்த வசதிகள் எல்லாம் அதோடு போகும். உயிர்காப்பு மேற்சட்டை, அதில் கோத்த விசில், நரம்பு சிக்கினால் அறுக்க ஒரு சிறு கத்தி, உறைக்குள் கைப்பேசி ஆகிய நான்கும் ஆள்மேல் இருக்க வேண்டும். மற்றவை படகோடு. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் கன்னியாகுமரிக் கரை எத்தனையோ அனுபவசாலிகளை இழந்தது. கடலில் இருப்பவரிடம் எச்சரிக்கை போய்ச் சேருவதும், அவர் குரல் கரைக்கு எட்டுவதும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் பெருமளவில் வந்தன, கட்டுமரங்கள் குறைந்துகொண்டே போகின்றன. மலையிலிருந்து கயாக்கோடு இறங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: முதல்முறை துடுப்பைத் தொடும் முன், கட்டுமரம் ஓட்டிய மூத்தவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் கயாக்கை அவரிடம் காட்டி, எதை எங்கே கட்டுவது என்று கேளுங்கள். காற்று எப்போது திரும்பும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.