துப்பாக்கி விளக்கு

துப்பாக்கி விளக்கு என்பது நீள்துப்பாக்கியின் முன்பிடியில் உள்ள பல்வெட்டுப் பட்டையில் பொருத்தப்படும் சிறு டார்ச். இருட்டில் எதிரே நிற்பவர் யார், அவர் கையில் இருப்பது என்ன என்பதைச் சுடுவதற்கு முன் அறிந்துகொள்ள உதவுகிறது. தவறான ஆளைச் சுட்டுவிடாமல் தடுப்பதே இதன் முதற்பயன்.

இதன் முன்னோடி ஜெர்மனியின் ‘வாம்பிர்’. 1945 தொடக்கத்தில் ஸ்டுர்ம்கெவேர் 44 துப்பாக்கியில் ஏற்றப்பட்ட இக்கருவியில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் அந்த ஒளியில் பார்க்கும் தொலைநோக்கியும் இருந்தன. துப்பாக்கியில் ஏறிய பகுதி சுமார் 2.25 கிலோதான், விளக்குக்கான பேட்டரியோ 13.5 கிலோ, வீரர் முதுகில் சுமக்க வேண்டும். அதே ஆண்டு ஒக்கினாவாவில் அமெரிக்கரும் கார்பைனில் இதுபோன்ற கருவியைப் பயன்படுத்தினர். வெள்ளொளி விளக்கு பரவியது பின்னரே. 1980இல் லண்டன் ஈரான் தூதரகத்தை மீட்ட பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் வீரர்களின் எம்பி5 துப்பாக்கிகளில் டார்ச்சுகள் இருந்தன.

ஆனால் விளக்கை நம்பகமான கருவியாக்கியது பல்பு அன்று, அதைத் தாங்கும் பட்டை. முன்பு குழாயோடு டார்ச்சைப் பட்டியால் இறுக்கிக் கட்டுவார்கள். சில குண்டுகள் சுட்டதும் அது நகர்ந்துவிடும். தொலைநோக்கிக்காக வில்லியம் வீவர் வகுத்த பட்டையில் வெட்டின் அகலம் 4.57 மி.மீ.; வெட்டுகளுக்கிடையே சீரான இடைவெளி கிடையாது. 1980களில் ரிச்சர்ட் ஸ்வான் அதை மேம்படுத்தினார். நியூஜெர்சியின் பிக்காட்டினி படைக்கலச் சாலையில் கேரி ஹவுட்ஸ்மா அளவுகளைத் தரப்படுத்த, 1995 பிப்ரவரி 3 அன்று மில்-எஸ்டிடி-1913 என்ற பெயரில் தரநிலை வெளியானது. வெட்டு 5.23 மி.மீ., ஒரு வெட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. விளக்கின் குறுக்குக் கட்டை இந்த வெட்டில் உட்கார்ந்துவிட்டால் பின்னுதைப்பு அதை நகர்த்த முடியாது. கழற்றிய விளக்கை மீண்டும் அதே வெட்டிலேயே பொருத்தலாம். நேட்டோ 2009இல் இதே வடிவத்தை மெட்ரிக் அளவில் ஸ்டானாக் 4694 என்ற தரநிலையாக்கியது.

பழைய விளக்குகள் சிஆர்123ஏ என்னும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரியில் எரிந்தன. தீர்ந்தால் தூக்கியெறிய வேண்டியதுதான். இப்போது அந்த இடத்தில் 18650 லித்தியம் அயனி பேட்டரி வந்திருக்கிறது. பெயரே அளவு: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். பயிற்சிக்குத் தினமும் எரிப்பவருக்கு இதுவே சிக்கனம். எனினும் அவசரத்துக்கு இரண்டு சிஆர்123ஏ பேட்டரிகளையும் ஏற்கும் விளக்குகளே சிறந்தவை; கடுங்குளிரில் 18650 சீக்கிரம் தளர்ந்துவிடும், சிஆர்123ஏ தாங்கும். பேட்டரி அறைக்குள் இருக்கும் சுருள்வில் பின்னுதைப்பில் தொடர்பு அறுந்து விளக்கு மினுங்காதபடி காக்கிறது. முன்பிடியில் ஒட்டிய அழுத்துபட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் எரியும், விட்டால் அணையும்.

விளம்பரங்கள் லூமன் எண்ணையே பெரிதாகக் காட்டும். அது மொத்த ஒளி. தூரத்துக்கு எட்டுவதைச் சொல்வது கேண்டெலா. வீட்டுக்குள் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் அதிக ஒளி, பிடித்திருப்பவர் கண்ணையே கூசச் செய்யும்.



விளக்கு திரும்பும் பக்கமெல்லாம் துப்பாக்கி முனையும் திரும்பும். ஆகவே வழி பார்ப்பதற்கோ ஆள் தேடுவதற்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது; அதற்குத் தனிக் கைவிளக்கு கட்டாயம் வேண்டும்.