யாருடா இந்தக் கோட்டைப் போட்டது?

போன வருடம் எங்கள் அடுக்ககத்தின் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'குடியிருப்புப் பகுதியில் வணிக நடவடிக்கைகளுக்கு அனுமதி இல்லை.' பெயர் போடவில்லை. யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா முன்னறையில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறாள். மூன்றாவது மாடியில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். அது வணிகத்தில் சேராது போல.

"நான் என்ன ஃபேக்டரியாடா நடத்துறேன்? யாருடா இந்தக் கோட்டைப் போட்டது?" என்றாள் அம்மா. முதல் கேள்விக்குப் பதில் தேவையில்லை. இரண்டாவதைத் தேடிப் போனேன். அது என்னை நியூயார்க்கின் ஒரு சுருட்டுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டது.

1880களில் நியூயார்க்கின் நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் பல குடும்பங்கள் வீட்டிலேயே சுருட்டு சுற்றின. பொஹீமியாவிலிருந்து வந்த செக் மக்கள் அவர்களில் நிறைய. பல இடங்களில் முதலாளியே கட்டடத்தையும் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளிக்கு வாடகைக்கு விட்டார். கூலி கொடுப்பவரும் அவரே, வாடகை வாங்குபவரும் அவரே. படுக்கைக்குப் பக்கத்தில் புகையிலை, அதன் நடுவே குழந்தைகள். சுருட்டுத் தொழிலாளர் சங்கம் இதை நிறுத்தப் போராடியது. அதன் தலைவர்களில் ஒருவர் சாமுவேல் கோம்பர்ஸ், அவரே சுருட்டு சுற்றியவர். அன்று இளம் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் முதலில் இந்தத் தடையை எதிர்க்கத்தான் நினைத்தார். சங்கத்துக்காரர்களோடு அந்த வீடுகளைப் போய்ப் பார்த்த பிறகு மனம் மாறினார். 1884-ல் சட்டம் வந்தது: அடுக்குக் குடியிருப்பில் சுருட்டு செய்யக்கூடாது.

அந்தச் சட்டத்தில் கைதானவர் பீட்டர் ஜேகப்ஸ். அவர் வீட்டில் ஏழு அறைகள், அதில் ஒன்றில்தான் சுருட்டு வேலை. மற்ற அறைகளில் புகையிலை வாடைகூட இல்லை என்று வழக்கில் சொல்லப்பட்டது. 1885-ல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. ஒரு மனிதனை வீட்டின் நல்ல சூழலிலிருந்து வெளியே துரத்திவிட்டு அவனுடைய ஆரோக்கியத்தை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்பது நீதிபதியின் வாதம். அந்த நீதிபதிகளுக்கு அடுக்குக் குடியிருப்பு என்றால் என்னவென்றே தெரியாது என்று ரூஸ்வெல்ட் பின்னாளில் தன் சுயசரிதையில் கசந்துகொண்டார்.

இதைப் படித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. நான் அம்மா பக்கம். அப்படியென்றால் ஜேகப்ஸ் பக்கம். ஆனால் நியாயம் கோம்பர்ஸிடமும் இருக்கிறதே?

அதே 1885-ல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் வேறொரு விதி போட்டது. ரயில் பாதைக்கு ஒரு பக்கத்தில் மட்டும்தான் சலவைக்கடை இருக்கலாம். அந்தப் பக்கம் சீனர்கள் வாழ்ந்த பகுதி. சலவைத்தொழிலில் பெரும்பாலும் இருந்தவர்களும் அவர்கள்தான். பலருக்குக் கடையே வீடு. சான்ஃபிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகரசபை அனுமதி வேண்டும் என்றார்கள். கேட்ட சீனர்கள் சுமார் 200 பேர், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்களில் சுமார் 80 பேர் கேட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. எழுத்தில் பார்த்தால் தீ விபத்துத் தடுப்பு விதி. 1886-ல் யிக் வோ வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்தப் பாரபட்சம் செல்லாது என்றது.

ஊரையே மண்டலங்களாகப் பிரிப்பது 1916-ல் நியூயார்க்கில் பெரிய அளவில் தொடங்கியது. 1926-ல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சின்ன ஊரின் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நீதிபதி சதர்லேண்ட் ஓர் உவமை சொன்னார்: பன்றி தொழுவத்தில் இருந்தால் தொல்லையில்லை, வரவேற்பறையில் இருந்தால்தான் தொல்லை. பொருள் தப்பில்லை, இடம்தான் தப்பு.

ஆனால் வரவேற்பறையில் உட்கார்ந்து பிழைத்தவர்களை முழுசாக வெளியேற்ற முடியவில்லை. அதனால் பல அமெரிக்க ஊர்களின் விதிகளில் 'வழக்கமான வீட்டுத்தொழில்' என்று ஒரு விலக்கு நுழைந்தது. டாக்டர், வக்கீல், பியானோ டீச்சர். கூடவே, துணி தைக்கும் பெண். போர்டு பெரிதாக வைக்கக்கூடாது, வெளியாள் வைத்து வேலை வாங்கக்கூடாது என்பது போல நிபந்தனைகள். அதாவது, வீடு வெளியிலிருந்து பார்க்க வீடாகவே தெரிய வேண்டும்.

நம் ஊருக்கும் அந்த மண்டலங்கள் வந்தன. சென்னையின் 2008 முழுமைத் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று தனித்தனி மண்டலங்கள் உண்டு. குடியிருப்பு மண்டலம் என்றால் வீட்டைத் தவிர ஒன்றுமே கூடாது என்று அர்த்தமில்லை. சின்னச் சின்ன உபயோகங்களுக்கு அதிலும் இடமுண்டு. எங்கள் நோட்டீஸில் எந்த விதியின் எண்ணும் இல்லை.

ஆனால் கோம்பர்ஸின் கவலைக்கு ஒரு பதிலை நான் மண்டல விதிகளில் பார்க்கவில்லை, 1966-ன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கம் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டம் அவர்களை வீட்டை விட்டு எழுந்து போகச் சொல்லவில்லை. இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றித் தருபவரும் தொழிலாளிதான் என்றது. நடைமுறையில் அந்தப் பெண்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. வேலை எங்கே நடக்கிறது என்பதோடு நிற்காமல், யாருக்காக நடக்கிறது, அவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்று கேட்டது.

எல்லாவற்றையும் ஒரு ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். கொக்கி தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷின் காலுக்கடியில் ரப்பர் ஷீட் போட்டிருந்தாள். எட்டு மணிக்கு மேல் இப்போது மெஷினை ஓட்டுவதில்லை. கீழ்வீட்டில் கைக்குழந்தை. அது எந்த நோட்டீஸும் சொல்லாமல் அவளாகப் போட்ட விதி.

கதை முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எல்லாம் சரி. அந்தச் சுருட்டுக்காரங்களுக்குக் கூலி ஏத்துனாங்களா?" என்றாள்.

சட்டம் பறித்தது இடத்தை. தீர்ப்பு திருப்பிக் கொடுத்ததும் இடத்தை மட்டும்தான்.