ஜப்பான் வரைந்த ராமாயணம்: பிளஸ் என்ன, மைனஸ் என்ன?

மதுரைக்காரங்களுக்கு ராமாயணம்னா பட்டிமன்றமும் கம்பனும்தான் முதலில் ஞாபகம் வரும். அதே கதையை அனிமேவாக எடுத்தவர் ஜப்பானின் யூகோ சாகோ. 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற அந்தப் படம் 1993-ல் டெல்லி திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2025 ஜனவரி 24-ல் 4கே தரத்தில், தமிழ் டப்பிங்குடன் தியேட்டருக்கு வந்தது. குழந்தைகளுக்குக் காட்டலாமா?

எப்படி உருவானது?
1983-ல் ஆவணப்பட வேலையாக இந்தியா வந்த சாகோவை இந்தக் கதை பிடித்துக்கொண்டது. கொய்ச்சி சசாகியும், இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகனும் சேர்ந்து இயக்கினார்கள்.

பிளஸ்
* சுமார் 1 லட்சம் ஓவியங்கள், எல்லாமே கையால் வரைந்தவை. கம்ப்யூட்டர் பளபளப்பு கிடையாது.
* கும்பகர்ணன் போர்க்களத்துக்கு வரும் காட்சியின் பிரம்மாண்டம் இன்றைக்கும் மிரட்டும்.

மைனஸ்
* பெருங்காவியத்தை 135 நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். அதனால் கதை ஓடுகிறது. சீதை போன்ற பாத்திரங்களின் மனசுக்குள் போக நேரமில்லை.
* படம் வால்மீகி வழியில் போகிறது. ராவணன் சீதையைத் தொடாமல், குடிலை நிலத்தோடு பெயர்த்துச் செல்வதாகப் பாடியவர் கம்பன். அந்தத் தமிழ் ராமாயணத்தை இதில் தேடினால் கிடைக்காது.

அப்போ பார்க்கலாமா?
முதல் அறிமுகமாகத் தாராளமாகக் காட்டலாம். படம் விட்டுவிட்ட கம்பன் கதையை, வீட்டில் தாத்தா பாட்டி சொன்னால் போதும்.