சேட்டு அல்லாத சமணர்

திருவதிகையில் அப்பரின் சூலைநோயும் திலகவதியார் தந்த திருநீறும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் கொண்டுவந்து பல்லவ மன்னன் இங்கே சிவன் கோயில் எழுப்பியதைப் பெரியபுராணம் பெருமையோடு சொல்கிறது.

பிறகு அந்தச் சமணர்கள் என்ன ஆனாங்க? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர், 7.21 கோடியில் 0.12 சதம். மார்வாரி, குஜராத்தி பேசும் வணிகரும், மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நயினார்களும் இந்த ஒற்றை எண்ணுக்குள்தான் கிடக்கிறார்கள். 'ஜெயின்னா சேட்டுதானே' என்று நானும் சொல்லித் திரிந்தவன்தான். மொழிவாரியாகப் பிரித்துக் காட்டாத மதக்கணக்கு தமிழ்ச் சமணரை வடக்கத்தியாராக்குகிறது. தமிழ் அடையாளத்தைப் பற்றி ஓயாமல் பேசும் நாம் அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பள்ளியை இடித்த மன்னனை மட்டும் குற்றம் சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது.