301, 302: இணைய வழிமாற்றத்தின் வரலாறும் மேற்கோளின் நிலைபேறும்

முன்னுரை

வன்முறை மிகுந்த கணினி விளையாட்டுகள் தொடர்பான வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பு வழங்கியது. அதில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய தனிக்கருத்துரையின் அடிக்குறிப்பொன்று இணைய முகவரி ஒன்றைச் சான்றாகச் சுட்டியது. பின்னாளில் அம்முகவரி வேறொருவர் கைக்குச் சென்றது. அதனைத் திறந்தவர்க்குச் சான்று கிடைக்கவில்லை. இணையச் சான்றுகளின் நிலையாமையை எள்ளி எழுதப்பட்ட வாசகமே கிடைத்தது. ஜோனதன் சிட்ரெயின், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் ஆகிய மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, இது தனி நிகழ்வன்று எனக் காட்டியது. அந்நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம்பெற்ற இணைப்புகளுள் 50 விழுக்காடு, முதலில் சுட்டப்பட்ட செய்தியைத் தரவில்லை. ஹார்வர்டு சட்ட ஆய்விதழ் உள்ளிட்ட இதழ்களில் அவ்வளவு 70 விழுக்காட்டையும் கடந்தது.

முறிந்த இணைப்பு பெரும்பாலும் பராமரிப்புக் குறையாகவே பேசப்படுகிறது. பக்கம் இடம் மாறினால் 301 என்னும் நிரந்தர வழிமாற்றத்தை அமைக்க வேண்டும், இல்லையேல் தேடுபொறியில் அதன் இடம் தாழும் என்பதோடு வலைத்தளக் கையேடுகள் அமைகின்றன. ஆனால், முகவரிகளின் நிலைபேற்றையே நோக்கமாகக் கொண்ட நூலகத்துறை தேர்ந்தது 302 என்னும் தற்காலிக வழிமாற்றத்தை. நிரந்தரத்தை நாடியோர் தற்காலிகத்தைத் தேர்ந்ததன் காரணம் அவ்விரு குறியெண்களின் வரலாற்றில் உள்ளது.

ஒருதிசை இணைப்பு

உலகளாவிய வலையைப் பற்றி டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ஆம் ஆண்டு மீயுரை மாநாட்டிற்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. டிசம்பரில் சான் அன்டோனியோ நகரில் செயல்விளக்கம் அளிக்க மட்டுமே இடம் கிடைத்தது. அக்கால மீயுரை அமைப்புகள் சில, இணைப்புகளை ஆவணங்களினின்று பிரித்துத் தனித் தரவுத்தளத்தில் பேணின. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் மாவ்ரர் குழுவினர் உருவாக்கிய ஹைப்பர்-ஜி அத்தகையது. அதில் இணைப்பின் இரு முனைகளும் பதிவாகியிருந்தமையால், ஓர் ஆவணம் நீங்கினால் அதனைச் சுட்டும் இணைப்புகள் எவை என்பது உடனே தெரியவரும். வலையிலோ சுட்டுபவர் எவரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டுவதில்லை. சுட்டப்படுபவர் அதனை அறியவும் மாட்டார். வலை விரைந்து பரவியதற்கும் அதன் இணைப்புகள் முறிவதற்கும் இத்தளர்வே பொதுக் காரணம்.

முறிவு நேரும் என்பது தொடக்கத்திலேயே எதிர்பார்க்கப்பட்டது. 404 என்னும் 'காணப்படவில்லை' குறியெண் 1992-ஆம் ஆண்டு நெறிமுறை வரைவிலேயே உள்ளது. (செர்ன் ஆய்வகத்தின் 404 எண் அறையிலிருந்து இவ்வெண் வந்தது என்னும் கதை, பெர்னர்ஸ்-லீயுடன் பணியாற்றிய ராபர்ட் கைலியோவால் மறுக்கப்பட்டது. ஆயினும் கதை இன்றும் உலவுகிறது.)

இரு குறியெண்களின் பொருள்

அதே வரைவில் 301, 302 ஆகிய இரண்டும் இடம்பெற்றன. 301 என்பது ஆவணத்திற்குப் புதிய முகவரி நிலையாக வழங்கப்பட்டுவிட்டது என்னும் அறிவிப்பு. இணைப்புகளைத் திருத்தும் வசதியுள்ள உலாவி, தன்னிடமுள்ள பழைய இணைப்பைத் தானே புதியதாக மாற்றிக்கொள்ள வேண்டும் என வரைவு கூறியது. 302 இதற்கு மாறானது. ஆவணம் இப்போது வேறிடத்தில் இருக்கிறது. அவ்விடம் இனியும் மாறலாம். ஆகவே இணைப்பு அமைப்போர் பழைய முகவரியையே கொள்ளுதல் தகும் என்பது அதன் கருத்து. 1996 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1945, 1999 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 2616 ஆகிய ஆவணங்களிலும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. 303, 307, 308 ஆகியவை பின்னர் வந்தவை. படிவங்களை அனுப்பும் முறையில் உலாவிகள் விளைத்த குழப்பத்தோடு தொடர்புடைய அவை இங்கு வேண்டுவதில்லை.

எனவே இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு கால அளவைப் பற்றியது மட்டுமன்று. பெயர் எவரிடம் தங்குகிறது என்பதைப் பற்றியது. 301-இல் பழைய முகவரி தன் உரிமையைப் புதியதற்கு ஒப்படைத்து விலகுகிறது. 302-இல் பழைய முகவரியே பெயராக நிலைக்கிறது. புதியது அதன் தற்போதைய இருப்பிடம் மட்டுமே. இணைப்புகளைத் தாமே திருத்திக்கொள்ளும் உலாவிகள் பரவலாகவில்லை. உலாவிகள் வாசகரைப் புதிய இடத்திற்குக் கொண்டுசென்று விடுவதோடு அமைந்தன. சுட்டிய பக்கத்தில் பழைய முகவரி அப்படியே கிடந்தது. 301-இன் பணியில் பாதி நிறைவேறவேயில்லை எனலாம்.

தேடுபொறியும் நூலகமும்

அப்பாதியை வேறு வகையில் ஏற்றவை தேடுபொறிகள். செர்கே பிரின், லாரி பேஜ் ஆகியோர் 1998-இல் விளக்கிய பேஜ்ராங்க் முறை, ஒரு பக்கத்தைச் சுட்டும் இணைப்புகளைக் கொண்டு அதன் தகுதியைக் கணித்தது. அதனால், முகவரி மாறும்போது வழிமாற்றம் அமைக்காதவர் அதுவரை ஈட்டிய மதிப்பையும் இழந்தார். 302-இன் இயல்பு இங்கே ஒரு சிக்கலையும் தோற்றுவித்தது. ஒருவர் தம் தளத்திலிருந்து பிறர் பக்கத்திற்கு 302 அமைத்தால், நெறிமுறையின்படி பெயர் அவருடைய முகவரிக்கே உரியதாகிவிடும். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறர் பக்கங்களைத் தேடல் முடிவுகளில் இவ்வாறு கவர்ந்துகொள்வது பெருந்தொல்லையாக இருந்தது. தேடுபொறிகள் 302-ஐ எழுத்துப்படி ஏற்பதைக் குறைத்துத் தம் கணிப்பையே நம்பத் தொடங்கின. 301 வழியாகச் செல்லும் மதிப்பில் ஒரு பகுதி குறையும் என்னும் நெடுநாள் அச்சத்தை, வழிமாற்றங்களால் பேஜ்ராங்க் குறைவதில்லை என்னும் கூகுளின் 2016-ஆம் ஆண்டு விளக்கம் நீக்கியது.

தளத்தைப் புதுப்பிப்போர் பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்திற்குத் திருப்பிவிடுவதும் இக்காலத்து வழக்கமே. பார்-யோசெஃப் முதலியோர் 2004-இல் வெளியிட்ட கட்டுரை, பக்கம் இல்லாதபோதும் இருப்பதுபோல் விடை தரும் இத்தகைய நிலைக்கு 'மென் 404' எனப் பெயரிட்டது. நேர்மையான 404 ஆய்வாளருக்கு ஆவணம் இல்லை என்னும் உண்மையையாவது சொல்கிறது; முகப்பு அதனையும் மறைத்துவிடுகிறது.

தேடுபொறியினர் ஐயுற்ற அதே இயல்பையே நூலகத்தார் விரும்பினர். ஓ.சி.எல்.சி. என்னும் நூலகக் கூட்டுறவு அமைப்பு 1995-இல் தொடங்கிய பர்ல் சேவை, நிலையான முகவரி ஒன்றை அளித்து, அங்கு வருவோரை 302 வழியாக ஆவணத்தின் அப்போதைய இடத்திற்கு அனுப்பியது. இன்று ஆய்விதழ்களில் வழங்கும் டிஓஐ எண்ணின் வழங்கியும் அவ்வாறே செய்கிறது. அங்கு 301 அமைந்திருப்பின், பதிப்பகத்தின் முகவரி பெயராகிவிடும்; பதிப்பகம் மாறும்போது பெயரும் சாகும்.

ஆனால் எந்த வழிமாற்றத்திற்கும் பழைய வாயிலில் ஒருவர் நின்றாக வேண்டும். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, அங்கு பக்கம் அமைத்திருந்தோர்க்கு முகவரி சொந்தமானதன்று; வேறிடம் பெயர்ந்தவர் தாமே அவ்வாயிலில் வழிகாட்டி வைக்க இயலாது. பர்ல் சேவையையும் ஓ.சி.எல்.சி. தொடர்ந்து நடத்தவில்லை, 2016-இல் அது இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

மதுரைத் திட்டத்தின் எண்கள்

தமிழாய்வில் இச்சிக்கலுக்கு நெருங்கிய சான்று மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வ முயற்சியின் மின்பதிப்புகள், தமிழ்.நெட் தளத்திலும் பின்னர் உத்தமம் அமைப்பின் தளத்திலும் இடம்பெற்று, தனித் தளத்தையும் அடைந்தன. இடம் மட்டுமன்றி எழுத்தும் மாறியது. தொடக்க ஆண்டுகளில் திஸ்கி குறியாக்கத்தில் வெளிவந்தவை பின்னர் ஒருங்குறிக்குப் பெயர்க்கப்பட்டன. திஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பு திறக்கும், தமிழ் தெரியாது. இணைப்பு முறியாமலே வாசிப்பு முறியும் இந்நிலைக்கு மேலைநாட்டு ஆய்வுகள் போதிய கவனம் தந்ததாகக் கூற இயலாது. எந்தக் குறியெண்ணும் அதனை அறிவிப்பதில்லை.

இத்தனை மாற்றங்களினூடும் மாறாது நின்றது ஒன்றுண்டு. ஒவ்வொரு மின்பதிப்பும் வரிசை எண் பெற்றது, திருக்குறள் முதலாவது. திஸ்கி கோப்பிலும் ஒருங்குறிக் கோப்பிலும் கோப்புப் பெயரின் முன்னொட்டு வேறுபட்டதேயன்றி அவ்வெண் வேறுபடவில்லை. எண் பெயராக நின்றது. தளம் இருப்பிடமாக மாறியது. நூலகத்துறை 302-ஐக் கொண்டு அமைத்ததைத் தன்னார்வலர்கள் வெறும் எண்ணிடல் ஒழுங்கால் அடைந்தனர். கோப்பின் முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் படியெடுத்து வழங்கலாம் என்னும் அவர்களது நிபந்தனையால், பிற தளங்களிலுள்ள படிகளிலும் மூலத்தின் அடையாளம் உடன்சென்றது.

ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் தளத்தின் முகவரி மட்டும் இடம்பெறுமாயின், அவ்வாயிலில் நிற்பவர் விலகும் நாளில் மேற்கோள் முறியும். மின்பதிப்பின் எண்ணும் ஆசிரியரும் நூற்பெயரும் பார்த்த நாளும் உடன் குறிக்கப்பட்டிருந்தால், நெறியாளரோ தேர்வாளரோ அப்பாடத்தை வேறொரு தளத்திலோ இணைய ஆவணக் காப்பகத்திலோ தேடிச் சரிபார்க்க இயலும்.