புதுக்கோட்டைப் பெண்கள் ஓட்டிய சைக்கிள்

மலருக்கு ஏதாவது வரலாறு எழுதச் சொன்னாங்க. ராஜா ராணி கதை எனக்கு வராது. சைக்கிள் கதை எழுதறேன்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குச் சொல்லித்தர்ற வேலை. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. பாடம் எடுக்கிற பெண்கள் ஊர் ஊராப் போகணும். வீட்டு ஆம்பளை வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் காத்திருந்தா வகுப்பு நடக்குமா? அதனால எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் கலெக்டர் ஏற்பாடு செய்தாங்க.

ஊர் சும்மா இருக்குமா? கேலியும் ஏச்சும் நிறைய. ஆனாலும் கூலி வேலை செய்யறவங்க, கல் குவாரியில் கல் உடைக்கிறவங்க, அங்கன்வாடி ஊழியர், கிராம நர்ஸ் எல்லாரும் ஓட்டினாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதப்போ ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினாங்க. அதுல குறுக்குக் கம்பி இருக்கே, பிள்ளையை உட்கார வைக்கலாம்! பின்னாடி கேரியரில் தண்ணீர்க் குடம். விளைஞ்சதை விற்கப் போறவங்க பஸ்ஸுக்குக் காத்து நிக்கல. கூட நாலு ஊர் சுத்தி வித்துட்டு, பொழுதோட வீடு திரும்பினாங்க. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடிச்சு புதுக்கோட்டை நகரத்துக்குள்ள சைக்கிளில் வந்தாங்க. படிச்சப்போ எனக்குக் கண் கலங்கிடுச்சு.

2001-ல் அரசு, பிளஸ் ஒன் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது. பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் வந்தது. நான் பத்தாவதோட நின்னுட்டேன், எனக்குக் கிடைக்கல. என் பொண்ணுக்குக் கிடைச்சது.

ஆனா அது இப்போ மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிச்சுக் கிடக்கு. காரணம் நம்ம ரோடுதான். பூந்தமல்லி பக்கம் போனாலும் குன்றத்தூர் பக்கம் போனாலும் லாரியும் தண்ணி டேங்கரும் உரசிக்கிட்டுப் போகுது. ஓரமா ஒதுங்கினா மண்ணும் பள்ளமும். நானே "வேணாம்டி"ன்னு தடுத்துட்டேன். அன்னைக்கு ஊர் வாய் தடுத்தது, இன்னைக்கு ரோடு தடுக்குது.

2014-ல் சென்னை மாநகராட்சி, நடந்து போறவங்களுக்கும் சைக்கிளில் போறவங்களுக்கும் முக்கியத்துவம் கொடுக்கிற கொள்கை கொண்டு வந்தது. மாங்காடு அந்த எல்லைக்கு வெளியே. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, நல்லதுதான். ஆனா பஸ் நம்ம தெருவுக்குள்ள வராதே! வீட்டு வேலைக்கும் கம்பெனிக்கும் விடியற்காலையில் சைக்கிள் மிதிச்சுப் போற அக்காமார் நம்ம குழுக்களிலேயே இருக்காங்க.

ரோட்டோரத்தில் சைக்கிளுக்கு இடமும், விளக்கும் கேட்டு எங்க குழுவில் மனு எழுதி வச்சிருக்கோம். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வரேன், கையெழுத்துப் போடுங்க.