லூயிஸே (புருஷியாவின் அரசி)

லூயிஸே (10 மார்ச் 1776 – 19 ஜூலை 1810) புருஷிய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமின் மனைவி. மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் கோமரபில், ஹனோவர் நகரில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்து, டார்ம்ஸ்டாட்டில் பாட்டியிடம் வளர்ந்தார். 1793 டிசம்பர் 24 அன்று பட்டத்து இளவரசரை மணந்தார். இரண்டு நாளில் தங்கை பிரெடரிகே அந்த இளவரசரின் தம்பிக்கு மனைவியானார். 1797இல் லூயிஸே அரசியானார்.

இந்தச் சகோதரிகள் இருவரையும் சேர்த்துச் சிற்பி யோஹான் காட்ஃபிரீட் ஷாடோ வடித்த சிலைதான் லூயிஸேயின் உருவங்களில் தலைசிறந்தது. சாந்து வடிவம் 1795இலும் பளிங்கு வடிவம் 1797இலும் முடிந்தன. அரச மிடுக்கு எதுவும் இல்லை. தங்கையின் தோளில் கைபோட்டு நிற்கும் இளம்பெண்தான் தெரிகிறாள். தாடைக்குக் கீழே ஒரு துணி சுற்றியிருக்கிறது. கழுத்து வீக்கத்தை மறைக்கக் கட்டியது என்பார்கள். பெர்லின் பெண்களுக்கு அதுவே நாகரிகமாயிற்று. கணவருக்கோ சிலை பிடிக்கவில்லை. அதனால் அது நெடுங்காலம் பொதுமக்கள் கண்ணில் படாமல் கிடந்தது. ஓவியர்களில் யோசஃப் கிராஸ்ஸியும் பிரெஞ்சுக்காரரான விஜே லெ பிரனும் அவரை வரைந்தனர்.

1806 அக்டோபர் 14 அன்று யேனா, ஆவர்ஷ்டெட் போர்களில் நெப்போலியனின் பிரெஞ்சுப் படையிடம் புருஷியப் படை நொறுங்கியது. நெப்போலியனின் படை அறிக்கைகள், சீருடை அணிந்து போரைத் தூண்டியவள் என்று அரசியை இழிவுபடுத்தின. அரச குடும்பம் கிழக்கே ஓடியது. கடும் காய்ச்சலில் கிடந்த லூயிஸே, 1807 ஜனவரிக் குளிரில் கடலோர மணல்திட்டு வழியாக மேமல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்த ஜூலை 6 அன்று டில்ஸிட்டில் நெப்போலியனை நேரில் சந்தித்து, மாக்டபர்க் கோட்டையையாவது விட்டுத்தருமாறு கேட்டார். தன்னை அவமதித்தவர் முன் நாட்டுக்காகப் போய் நின்றதே அவர் வாழ்வின் உயர்ந்த செயல். ஆனால் கேட்டது கிடைக்கவில்லை. மூன்று நாளில் கையெழுத்தான உடன்படிக்கையால் புருஷியா ஏறத்தாழப் பாதி நிலத்தை இழந்தது.

1809 டிசம்பரில் பெர்லின் திரும்பியவர், அடுத்த ஜூலையில் ஹோஹன்ஸீரிட்ஸ் மாளிகையில் 34 வயதில் இறந்தார். சார்லட்டன்பர்க் கல்லறை மண்டபத்தில் துயிலும் கோலத்தில் உள்ள பளிங்குருவை வடித்தவர் கிறிஸ்டியான் டானியல் ராவ்ஹ். ஒரு காலத்தில் அரசியின் பணியாளாக இருந்தவர் அவர். 1813இல் நெப்போலியனை எதிர்த்துப் போர் மூண்டபோது மன்னர் நிறுவிய இரும்புச் சிலுவை விருதுக்கு லூயிஸேயின் பிறந்த நாளே தேதியாக இடப்பட்டது. 1871இல் மகன் வில்ஹெல்ம் ஜெர்மன் பேரரசரானதும், லூயிஸே நாட்டின் தெய்வமாகவே ஆக்கப்பட்டார்.

வெண்ணிற உடையில் படியிறங்கி வரும் அரசியின் ஓவியம் அக்காலத்தில் பிறந்தது. குஸ்தாவ் ரிக்டர் 1879இல் வரைந்தது. அதன் பிரதிகள் நிறைய அச்சாகி, பலருக்கு அதுவே லூயிஸேயின் முகமாக நிலைத்தது. ஆனால் ரிக்டர் பிறந்ததே அரசி இறந்து 13 ஆண்டுக்குப் பிறகுதான். லூயிஸேயை அறிய விரும்புவோர், நேரில் பார்த்து வடித்த ஷாடோவின் சிலையையே நாட வேண்டும். அந்தப் பளிங்குச் சிலை பெர்லினின் பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.